ராணுவப் பழைய பையை முதுகில் மாட்டுவதற்கு முன்: ஆலிஸ் பை வாங்குபவர்களுக்கு

ஹைக்கிங் போகலாம் என்று ஆசைப்பட்டு, நல்ல முதுகுப்பை என்ன விலை என்று கடையில் பார்த்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குத் திரும்பியவர்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் அப்படித் திரும்பியவன்தான். இரண்டு இரவு வெளியே தங்க ஒரு பை வேண்டும் என்றால் 200 டாலரில் தொடங்கி 300ஐத் தாண்டிப் போனார்கள். அப்போது அலுவலகத்தில் பக்கத்து மேசையில் இருந்த பெரியவர், இளமையில் அமெரிக்க ராணுவத்தில் இருந்தவர், "சர்ப்ளஸ் கடையில் ஓர் ஆலிஸ் வாங்கிக்கொள், உன் பேரன் காலம் வரைக்கும் உழைக்கும்" என்றார். சர்ப்ளஸ் என்றால் ராணுவம் கழித்துவிட்ட சாமான், ஆலிஸ் என்பது அவர்களுடைய பழைய முதுகுப்பை. வாங்கினேன். இன்னும் உழைக்கிறது. ஆனால் அவர் சொல்லாமல் விட்ட சில விஷயங்களை என் தோள்பட்டைதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இங்கே நியூ ஜெர்சியில் நம் ஆட்கள் நிறையப் பேர் வார இறுதியில் டெலவேர் வாட்டர் கேப், ஹாரிமன் மலைப்பக்கம் போகத் தொடங்கியிருக்கிறார்கள். அப்பலாச்சியன் டிரெயில் என்று சொல்லப்படும் அந்தச் சுமார் 3,500 கிலோமீட்டர் நடைபாதையில் ஏறக்குறைய 72 மைல் இந்த மாநிலத்துக்குள்ளேயே போகிறது. முதன்முதலில் போட்டுத் திறந்த துண்டும் பக்கத்து ஹாரிமன், பேர் மவுண்டன் பகுதியில்தான், 1923இல். அதனால் வீட்டு வாசலிலேயே மலை இருக்கிறது, பைதான் தடை. அந்தத் தடைக்கு ராணுவப் பழைய பை நல்ல பதில்தான், ஆனால் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு வாங்குங்கள்: இந்தப் பை உங்களுக்காகச் செய்யப்பட்டதல்ல. இடுப்பில் தண்ணீர்க் குப்பியும் தோட்டாப் பையும் தொங்கும் பெல்ட் கட்டிய ஒரு சிப்பாய்க்காகச் செய்யப்பட்டது. நீங்கள் சந்திக்கப்போகும் தொல்லைகளில் பாதி அங்கிருந்துதான் வருகிறது.

யார் இந்த ஆலிஸ்?

பெண் பெயர் இல்லை. ஒரு நீளமான ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள், "எல்லா வேலைக்குமான, எடை குறைந்த, தனி ஆள் சுமக்கும் சாதனம்" என்று பொருள் வரும். அமெரிக்க ராணுவம் இதை ஏற்றுக்கொண்டது 1973இல். அதில் வரும் "எடை குறைந்த" என்ற சொல்லையும் 1973இல் நின்றுதான் படிக்க வேண்டும். பையும் அலுமினியச் சட்டமும் வார்களும் சேர்ந்து வெறுமையாகவே சுமார் மூன்று கிலோ வரும். இதே அளவுள்ள இன்றைய பைகள் பல ஒன்றரைக் கிலோவுக்குள் அடங்கிவிடுகின்றன.

இரண்டு அளவு உண்டு. மீடியம் சுமார் 38 லிட்டர், வெளியே மூன்று பாக்கெட். லார்ஜ் 60 லிட்டருக்குக் கொஞ்சம் மேல், கீழே மூன்று பெரிய பாக்கெட், அவற்றுக்கு மேலே மூன்று சின்னது. மீடியத்தைச் சட்டம் இல்லாமலும் மாட்டிக்கொள்ளலாம், லார்ஜுக்குச் சட்டம் கட்டாயம். புதிதாக வருபவர் கண்ணை மூடிக்கொண்டு மீடியம் வாங்குங்கள். நான் லார்ஜ் வாங்கினேன். பெரிய பையின் கெட்ட குணம், இடம் இருக்கிறதே என்று நம் கை எதையாவது எடுத்துத் திணித்துக்கொண்டே இருக்கும்.

இதற்கு அடுத்து வந்தது மாலி, 1990களின் கடைசியில். அதன் சட்டம் பிளாஸ்டிக், இடுப்புப் பட்டை ஆலிஸை விடப் பல மடங்கு நல்லது, ஆனால் பை பெரிது, வாரும் பக்கிளும் எக்கச்சக்கம். முதல் தடவை பார்ப்பவருக்கு எதை எங்கே மாட்டுவது என்றே விளங்காது. பிரிட்டிஷ் ராணுவத்தின் பெர்கன் பைகளும் கிடைக்கும், அவற்றின் இரண்டு பக்கப் பைகளையும் ஜிப்பைத் திறந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்தால் ஒரு சின்னப் பை ஆகிவிடும், அருமையான ஏற்பாடு. ஸ்வீடன் நாட்டு எல்கே35 இன்னும் அழகு, தோல் வாரோடு இரும்புச் சட்டம், ஆனால் அதை நான் சுமந்ததில்லை. எனக்குத் தெரிந்தது ஆலிஸ், அதைப் பற்றியே பேசுகிறேன்.

கடையில்: முதலில் லேபிள், அப்புறம் சட்டம்

நிஜமான பையா, அதைப் பார்த்துச் செய்த நகலா என்பதைக் கண்டுபிடிக்க லேபிளைத் தேடுங்கள். நிஜப் பையில் 13 இலக்க இருப்பு எண் இருக்கும், 8465 என்று தொடங்கும். அது தனி ஆள் சாதனங்களுக்கான குழு எண். கூடவே ஒப்பந்த எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். டிஎல்ஏ100-82 என்று தொடங்கினால் அந்த 82தான் ஒப்பந்த ஆண்டு. டிஎஸ்ஏ என்று இருந்தால் இன்னும் பழசு, ஏனென்றால் ராணுவத்துக்குப் பொருள் வாங்கித் தரும் துறைக்கு 1977இல்தான் டிஎல்ஏ என்று பெயர் மாறியது. பிற்பாடு வாங்கிய என் மீடியம் பை 82ஆம் ஆண்டுக்காரர், என்னை விட மூத்தவர். மூடியின் உள்பக்கம் யாரோ மார்க்கரில் எழுதிய பெயர் ஒன்று தேய்ந்து போய்க் கடைசி மூன்று எழுத்து மட்டும் நிற்கிறது. அதை அழிக்க எனக்கு மனம் வரவில்லை.

லேபிள் தேய்ந்து போயிருக்கலாம், அது குற்றமில்லை. ஆனால் லேபிள் பளபளவென்று இருந்து அதில் எண்ணே இல்லை, துணியும் குடைத்துணி மாதிரி மெல்லிசாக இருக்கிறது என்றால் வைத்துவிட்டு வாருங்கள்.

அடுத்து சட்டம். அலுமினியக் குழாயை வளைத்து ரிவெட் அடித்துச் செய்தது. விரிசல் விழுவது ரிவெட் இருக்கும் இடங்களில்தான், நகத்தால் தடவிப் பார்த்தால் தெரியும். சட்டத்தை தரையில் படுக்க வைத்து ஒரு மூலையை அழுத்துங்கள், எதிர் மூலை தூக்கினால் முறுக்கிக்கொண்டிருக்கிறது என்று பொருள். லேசான முறுக்கோடு நடக்கலாம், விரிசலோடு நடக்கவே கூடாது.

பையின் மேல்புறம், முதுகுப் பக்கத்தில் ஓர் உறை மாதிரி இருக்கும். சட்டத்தின் மேல் விளிம்பு அதற்குள்தான் நுழையும், மொத்தப் பாரமும் அந்தத் தையலில்தான் தொங்கும். அங்கே நூல் பிரிந்திருந்தால் பேரம் பேசுங்கள், துணியே கிழிந்திருந்தால் வேண்டாம். அப்புறம் கையை உள்ளே விட்டுத் தடவுங்கள். உள்பூச்சு மாவு மாதிரி உதிர்ந்தாலோ பிசுபிசுத்தாலோ தண்ணீரைத் தாங்காது. அது பெரிய குறையில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். பூஞ்சை நாற்றம்தான் பெரிய குறை. "கழுவினால் போய்விடும்" என்பார் கடைக்காரர். போகாது.

தோள்வார் மட்டும் நசுங்கிப் போயிருந்தால் கவலை வேண்டாம். வார்கள் தனியாகக் கிடைக்கும், எப்படியும் மாற்றத்தான் போகிறீர்கள்.

வீட்டுக்கு வந்ததும்

வாஷிங் மெஷினில் போடாதீர்கள். குளியல் தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர், கொஞ்சம் மென்மையான சோப்பு, பழைய பிரஷ், அவ்வளவுதான். ப்ளீச் கிட்டேயே போகக் கூடாது. முதல் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்தில் வரும், வீட்டில் இருப்பவர்கள் பார்க்காத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். நிழலில், தலைகீழாகத் தொங்கவிட்டுக் காய வையுங்கள். நைலானுக்கு வெயில்தான் எதிரி.

அப்புறம் மாட்டுவது. சட்டத்தை வளைவு உங்கள் பக்கம் பார்க்கும்படி நிறுத்துங்கள். பையின் உறையைச் சட்டத்தின் தலையில் தொப்பி மாதிரி மாட்டிக் கீழே இழுங்கள், முதல் தடவை கொஞ்சம் சண்டை போடும். கீழே இரண்டு பக்கமும் உள்ள நாடாக்களைச் சட்டத்தின் குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து பக்கிளில் நன்றாக இறுக்குங்கள். இது தளர்ந்திருந்தால் நடக்கும்போது பை தனியாகவும் சட்டம் தனியாகவும் ஆடும், கிரீச் கிரீச் என்று சத்தம் வேறு. தோள்வார்கள் சட்டத்தின் மேல் குறுக்குப் பட்டையில் தொடங்கிக் கீழ்முனையில் முடியும். இடது வாரில் இழுத்தால் சட்டென்று கழன்றுகொள்ளும் ஒரு கொக்கி இருக்கும். குண்டு பாயும்போது பையை உதறிவிட்டுப் படுப்பதற்காக வைத்தது. நமக்கு அது எதற்கு? ஓடையைக் கடக்கும்போது கால் வழுக்கினால் பையிலிருந்து விடுபட உதவும். மற்ற நேரங்களில் அந்தக் கொக்கி மரக்கிளையில் மாட்டிப் பை ஒரு பக்கம் சரிந்து விழும், எனக்கு விழுந்திருக்கிறது. ரப்பர் வளையம் ஒன்றை அதன்மேல் போட்டு வைத்திருக்கிறேன், வேண்டுமென்று பலமாக இழுத்தால் மட்டும் கழலும்.

தோளா, இடுப்பா

இந்தப் பகுதியை மட்டும் அவசரப்படாமல் படியுங்கள்.

இன்றைய ஹைக்கிங் பைகளில் பாரத்தின் பெரும்பகுதி இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்துவிடும், தோள்வார் பையை முதுகோடு ஒட்டி வைத்திருப்பதற்குத்தான். ஆலிஸ் அப்படி இல்லை. முன்பே சொன்ன மாதிரி, சிப்பாயின் இடுப்பில் ஏற்கெனவே ஒரு பெல்ட் இருக்கும், அதனால் பை அதற்கு மேலே உட்கார வேண்டும். அதன் இடுப்பு வார் ஒரு மெல்லிய நாடா, முதுகுக்குப் பின்னால் மட்டும் ஒரு சின்ன மெத்தை. இறுக்கிக் கட்டினால் வயிற்றை வெட்டும், பாரம் மட்டும் தோளை விட்டு இறங்காது.

என் முதல் பயணம், லார்ஜ் பை, சன்ஃபிஷ் பாண்ட். கீழே கார் நிறுத்துமிடத்திலிருந்து ஏரிக்கு நான்கு மைலுக்குக் கொஞ்சம் குறைவு, ஒரே ஏற்றம்தான். வீட்டுத் தராசில் பை 22 கிலோ காட்டியது. எவர்சில்வர் பாத்திரம், இரண்டு போர்வை, ஒரு முழு பாட்டில் ஊறுகாய் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாவது மைலில் தோள் வலி நின்றுவிட்டது. பழகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். ஏரிக்கரையில் உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகப் பார்த்தால் இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் என் பேச்சைக் கேட்கவில்லை. அவை சரியாக மறுநாள் மாலை ஆனது.

பிறகுதான் தெரிந்தது, இதற்கு மருத்துவத்தில் பெயரே உண்டு: ரக்சாக் பால்சி. தோள்வார் கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் ஓடும் நரம்புக் கூட்டத்தை அழுத்திக் கையில் மரப்பும் பலவீனமும் வருவது, ராணுவ வீரர்களிடம் அதிகம் பார்த்து எழுதியிருக்கிறார்கள். சட்டமும் இடுப்புப் பட்டையும் இருந்தால் ஆபத்து குறையும். ஆகவே வலி நின்றுவிட்டால் மகிழ்ச்சி அடையாதீர்கள். கை மரத்தால் உடனே பையை இறக்குங்கள், விரல்களை அசையுங்கள், பாரத்தைக் குறையுங்கள். மரப்பு போகவில்லை என்றால் மருத்துவரிடம் போங்கள்.

இதற்கு வழி என்ன? இரண்டு. ஒன்று, பையை அது பிறந்தபடியே விட்டுவிட்டுப் பத்துக் கிலோவுக்கு மேல் ஏற்றாமல் ஒருநாள் நடைக்கு மட்டும் வைத்துக்கொள்வது. இன்னொன்று, பலரும் செய்வது, நானும் செய்தது: மாலி பையின் தடித்த இடுப்புப் பட்டையையும் தோள்வாரையும் தனியாக வாங்கி ஆலிஸ் சட்டத்தில் கட்டிவிடுவது. இரண்டும் ராணுவச் சர்ப்ளஸாகவே குறைந்த விலைக்குக் கிடைக்கும்.

தோள்வாரில் வேலை அதிகமில்லை, மேல் குறுக்குப் பட்டையைச் சுற்றிக் கோர்த்துக் கீழே இழுத்துவிட்டால் முடிந்தது. இடுப்புப் பட்டைதான் கொஞ்சம் பொறுமை கேட்கும். பழைய மெத்தையைக் கழற்றிவிட்டு, புதுப் பட்டையின் நடுப்பகுதியைச் சட்டத்தின் கீழ்க் குறுக்குப் பட்டைக்கு முன்னால் வைத்து, பாராகார்ட் கயிற்றால் மூன்று இடத்தில் இறுக்கிக் கட்டுங்கள். நடு ஒன்று, இரண்டு பக்கமும் ஒவ்வொன்று. நடுவில் மட்டும் கட்டினால் பை ஊஞ்சல் ஆடும். கட்டி முடித்ததும் சட்டத்தின் கீழ் மூலைகள் இடுப்பில் இடிக்கிறதா பாருங்கள். இடித்தால் குழாய்க்குச் சுற்றும் நுரை உறை ஹார்டுவேர் கடையில் விற்கும், ஒரு சாண் வெட்டி மாட்டிவிடுங்கள்.

மாட்டும் வரிசை இப்படி. எல்லா வாரையும் தளர்த்துங்கள். பையைத் தொடைமேல் தூக்கி வைத்து ஒரு கையை நுழைத்துச் சுழற்றி முதுகுக்கு ஏற்றுங்கள், தரையிலிருந்து ஒரே வீச்சில் தூக்காதீர்கள். கொஞ்சம் குனிந்து, இடுப்புப் பட்டை இடுப்பெலும்பின் மேல்முனையைத் தழுவும்படி வைத்து முதலில் அதை இறுக்குங்கள். அதற்குப் பிறகுதான் தோள்வார். தோள்வாருக்கும் தோளுக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும். சட்டத்தின் உயரம் மாறாது, சுமார் 20 அங்குலம், அதனால் குட்டையானவர்களுக்கும் மிக நெட்டையானவர்களுக்கும் என்ன செய்தாலும் சரியாக உட்காராமல் போகலாம். என் மனைவிக்கு உட்காரவில்லை. அவருக்கு வேறு பை வாங்கினோம், பணத்தைப் பார்க்கவில்லை.

எதை எங்கே வைப்பது

கணக்கை முதலில் போடுங்கள். உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் சுமக்காதே என்பது பொதுவாகச் சொல்லும் அளவு. 70 கிலோ ஆளுக்கு 14 கிலோ. பை மட்டுமே 3. தண்ணீர் இரண்டு லிட்டர் 2 கிலோ. இரண்டு நாள் சாப்பாடு ஒன்றரைக் கிலோ. மிச்சம் ஏழரைக் கிலோவில் டென்ட், ஸ்லீப்பிங் பேக், விரிப்பு, துணி, அடுப்பு, டார்ச், முதலுதவிப் பொருள் எல்லாம் அடங்க வேண்டும். அடங்கும், ஆனால் ஊறுகாய் பாட்டில் வராது.

ஸ்லீப்பிங் பேக் அடியில். கனமானவை, அதாவது சாப்பாடு, அடுப்பு, தண்ணீர்ப் பை எல்லாம், முதுகை ஒட்டி நடுவில். இதற்கென்றே செய்தது மாதிரி பையின் உள்ளே முதுகுப் பக்கம் ஒரு தனிப் பாக்கெட் இருக்கும். அது அந்தக் காலத்து ரேடியோப் பெட்டிக்காக வைத்தது, இன்றைக்கு இரண்டு லிட்டர் தண்ணீர்ப் பைக்கு அளவெடுத்த மாதிரி. பாரம் முதுகை விட்டு விலக விலக அது பின்னால் இழுக்கும், நீங்கள் கூன் விழுந்து நடப்பீர்கள். துணி மேலே, மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. மூடியில் தட்டையாக ஒரு பாக்கெட் உண்டு, வரைபடமும் அனுமதிச் சீட்டும் அங்கே.

வெளிப் பாக்கெட்டுகளில் ஒரு லிட்டர் பாட்டில் நிற்கும். இரண்டு பக்கமும் சம எடை இருக்கட்டும். பலருக்குத் தெரியாத ஒன்று: பக்கப் பாக்கெட்டுகளுக்குப் பின்னால் மேலிருந்து கீழே ஒரு சந்து போகிறது. பனிச்சறுக்குக் கட்டைகளைச் செருகுவதற்காக வைத்தது. ஊன்றுகோல், டென்ட் கம்பி எதையும் அதில் சொருகிவிடலாம். நான் ஒரு வருடம் கழித்துத்தான் கண்டுபிடித்தேன், அதுவரை டென்ட் கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தேன்.

நுரை விரிப்பைப் பைக்கு வெளியே, அடியில் இரண்டு வாரால் கட்டிவிடலாம். சர்ப்ளஸ் கடையில் ராணுவ ஸ்லீப்பிங் பேக்கும் கண்ணில் படும், ஒன்றுக்குள் ஒன்றாகப் பல அடுக்கு. மலிவு, நன்றாகவும் இருக்கும், ஆனால் முழு அடுக்கும் நாலரைக் கிலோ வரும், மீடியம் பைக்குள் அதை வைத்தால் வேறு எதுவும் வைக்க முடியாது. கோடைக்கு பாஞ்சோ லைனர் என்ற மெல்லிய மெத்தைப் போர்வை போதும், ஒரு கிலோகூட இல்லை. சர்ப்ளஸ் கடையில் நான் மறுபேச்சில்லாமல் வாங்கச் சொல்லும் இன்னொரு பொருள் அதுதான்.

மழை

பை நனையும். அதன் அடியிலும் பாக்கெட்டுகளின் அடியிலும் உலோக வளையம் போட்ட ஓட்டைகள் இருக்கும். ஆற்றைக் கடந்தால் தண்ணீர் வடிய வேண்டும் என்று வேண்டுமென்றே வைத்த ஓட்டைகள் அவை. அதனால்தான் உள்பூச்சு உதிர்ந்திருந்தால் பரவாயில்லை என்றேன். தடிமனான பெரிய குப்பைப் பை ஒன்றைப் பைக்குள் உறை மாதிரி விரித்து, எல்லாவற்றையும் அதற்குள் வைத்து, வாயை முறுக்கி மடித்து, அதன்மேல் பையின் சுருக்குக் கயிற்றை இழுங்கள். ஒரு டாலர் செலவு. ஸ்லீப்பிங் பேக்குக்கு மட்டும் இன்னொரு தனிப் பை. ஈரத் துணியோடு ஒரு ராத்திரி தூங்கலாம், ஈர ஸ்லீப்பிங் பேக்கோடு முடியாது.

முதல் நடை அரிசி மூட்டையோடு

நேராக மலைக்குப் போகாதீர்கள். இந்தியக் கடையில் வாங்கும் சோனா மசூரி மூட்டை 20 பவுண்டு, அதாவது 9 கிலோ. அதை ஒரு போர்வையில் சுற்றிப் பைக்குள் வைத்து, பக்கத்துப் பூங்காவில் ஒரு மணி நேரம் நடங்கள். சுற்றாமல் வைத்தால் அடியில் போய்க் குந்திக்கொள்ளும். அக்கம்பக்கத்தினர் ஒரு மாதிரி பார்ப்பார்கள். எந்த வார் வழுக்குகிறது, எங்கே உராய்கிறது, எந்த முடிச்சு தளர்கிறது என்பதெல்லாம் அந்த ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். அடுத்த வாரம் இரண்டு மணி நேரம், படிக்கட்டு இருந்தால் இன்னும் நல்லது. இரண்டு மூன்று தடவை இப்படிப் போனபின் ஒருநாள் மலைநடை, அதற்குப் பிறகுதான் ராத்தங்கல்.

தொங்கும் வார் நுனிகளைச் சுருட்டி மின் ஒட்டுநாடாவால் கட்டிவிடுங்கள். கிளையில் மாட்டுவது அவைதான்.

கரடி, எலி

நியூ ஜெர்சியில் கருங்கரடி உண்டு, கதையில்லை. இந்தப் பழைய நைலானுக்கு ஒரு குணம், வாசனையைப் பிடித்தால் விடாது. ஒருமுறை என் பக்கப் பாக்கெட்டில் புளியோதரைப் பொட்டலம் கசிந்து நல்லெண்ணெய் இறங்கிவிட்டது. மூன்று தடவை கழுவியும் வெயில் பட்டால் இன்றைக்கும் பெருமாள் கோயில் மடப்பள்ளி வாசனை வருகிறது. எனக்குப் பிடித்த வாசனைதான், கரடிக்கும் பிடித்துவிட்டால்? சாப்பாடு, பற்பசை, சோப்பு எல்லாவற்றையும் கரடியால் திறக்க முடியாத டப்பாவில் போட்டு, ராத்திரி டென்ட்டை விட்டுத் தள்ளி வையுங்கள், அல்லது அங்கே இருக்கும் இரும்புப் பெட்டியில் வையுங்கள். பையிலேயே எண்ணெய் இறங்கியிருந்தால் பையும் டென்ட்டுக்குள் வரக் கூடாது.

கரடியை விட எலி அதிகத் தொல்லை. மரத் தங்குமிடங்களில் ராத்திரி பையைக் குடைந்து பார்க்கும். பாக்கெட்டைப் பூட்டி வைத்தால் துணியைக் கடித்து ஓட்டை போட்டு உள்ளே போகும், திறந்து வைத்தால் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடும். ஆகவே எல்லாப் பாக்கெட்டையும் காலி செய்து, திறந்தபடி ஆணியில் தொங்கவிடுங்கள்.

நிறம் பற்றி இரண்டு வார்த்தை

ஆலிஸ் பெரும்பாலும் ஆலிவ் பச்சை. மறைந்துகொள்வதற்கென்றே சாயம் போட்ட நிறம், வேலையை நன்றாகச் செய்யும். இலையுதிர் காலத்தில் மான் வேட்டை தொடங்கும்போது அதுதான் சிக்கல். பளீரென்ற ஆரஞ்சு நிறத்தில் ஒரு துணியையோ மழையுறையையோ பையின்மேல் கட்டிவிடுங்கள், தலையிலும் ஆரஞ்சுத் தொப்பி இருக்கட்டும். தவறி விழுந்தால் தேடி வருபவர்களுக்கும் அது உதவும்.

புள்ளி போட்ட உருமறைப்புத் துணியில் செய்த பை வேண்டாம் என்பேன். பார்படாஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபியன் நாடுகளில் பொதுமக்கள் அந்தத் துணியை உடுத்துவதே குற்றம், விடுமுறைக்குப் போகும்போது பையையும் விட்டுவிட்டுப் போவது நல்லது. இன்னொன்று, இதைச் சொல்லாமல் விடவும் முடியவில்லை: தாடி வைத்த, நம் நிறத்து ஆள் ஒருவர் ராணுவப் பையோடு ராணுவக் கால்சட்டையும் ராணுவத் தொப்பியும் போட்டுக்கொண்டு பெட்ரோல் பங்க் பக்கம் நின்றால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். பை மட்டும் பச்சையாக இருக்கட்டும். என் சட்டை எப்போதும் மஞ்சள்தான்.

ஊருக்குக் கொண்டு போகலாமா என்று கேட்கிறார்கள். போன விடுமுறைக்கு நான் கொண்டு போனேன், பச்சைப் பை என்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தமிழ்நாடு வனத்துறை 2024 அக்டோபரில் தொடங்கிய டிரெக் தமிழ்நாடு திட்டத்தில் தொடக்கத்தில் 40 பாதைகள் இருந்தன. பெரும்பாலும் ஒருநாளில் போய்த் திரும்புகிற நடை, அதற்குச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டு போவது தேவையில்லாத வேலை. மீடியம் பையாக இருந்தால் சட்டத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுத் தோள்வாரைப் பையிலேயே கோர்த்துக்கொள்ளுங்கள், ஐந்து கிலோவுக்குள் என்றால் நன்றாகவே இருக்கும். விமானத்தில் அனுப்பும்போது வார்கள் பெல்ட்டில் மாட்டிக் கிழியும் என்பதால் முழுப் பையையும் ஒரு பெரிய துணிப்பைக்குள் போட்டுக் கட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் அடுப்பின் கேஸ் குப்பியை வெளியே எடுத்துவிட்டீர்களா என்று பாக்கெட் பாக்கெட்டாகப் பாருங்கள். அந்த ரேடியோப் பாக்கெட்டையும் சேர்த்து.